தனி டெஸ்ட் மட்டும் ஓடவில்லையா? இம்போர்ட்டைப் பாருங்க

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்கான பில்லிங் ப்ராஜெக்ட், கிரேடில் என்ற கருவியில் பில்டு. சரவணம்பட்டி ஆபீஸில் உட்கார்ந்து இன்டெல்லிஜேயில் (கோடு எழுதும் எடிட்டர்) மொத்த டெஸ்ட்டும் ஓட்டினால் எல்லாம் பச்சை, ஆனால் வரிக் கணக்கு டெஸ்ட்டை மட்டும் தனியாக ஓட்டினால் ‘நோ டெஸ்ட்ஸ் ஃபவுண்ட்’ என்று நின்றுவிடும். கேச்சை அழித்துப் பார்த்தும் அதே கதைதானுங்க.

விஷயம் என்னவென்றால், பில்டு ஃபைலில் இருந்தது ஜேயூனிட் 5 பிளாட்ஃபார்ம் (ஜாவா டெஸ்ட்டுகளை ஓட்டும் கருவி). இந்த ஒரு கிளாஸ் மட்டும் பழைய ஜேயூனிட் 4 டெஸ்ட் அனோட்டேஷனை (இது டெஸ்ட் என்று காட்டும் குறி) இம்போர்ட் செய்திருந்தது. இரண்டுக்கும் பெயர் ஒன்றேதான், பேக்கேஜ்தான் வேறு, அதனால் கம்பைலர் வாயே திறக்காது. பழைய ஜேயூனிட் 4 டெஸ்ட்டையும் ஓட்டித் தரும் வின்டேஜ் எஞ்சின் இல்லாவிட்டால் பழைய டெஸ்ட்டை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆக, அது பொய்ப் பச்சை. வரிக் கணக்கு டெஸ்ட் இத்தனை நாளும் ஓடவே இல்லை. எனக்குப் பயமே அதுதான்.

இம்போர்ட்டை ஜுபிட்டருக்கு (ஜேயூனிட் 5-இன் பேக்கேஜ்) மாற்றி, ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் முன்னால் ஓடுவதைக் குறிக்கும் பிஃபோர் என்பதை பிஃபோர்ஈச் ஆக்கினேன், ஓடியது. அசெர்ட்டையும் (விடை சரியா என்று பார்க்கும் வரி) மாற்றுகிறவர்கள் ஒன்று கவனியுங்க: பழையதில், தவறினால் காட்டும் மெசேஜ் முதலில் வரும், புதியதில் கடைசியில். அப்புறம், பழைய டெஸ்ட் நிறைய இருந்தால் வின்டேஜ் எஞ்சினை டிபென்டன்சியில் சேர்த்துவிடுவதே சுலபம்.