நீர்ப்பரப்பில் பெப்டைட்: வருடா வருடம் வரும் பிழைகள்

உயிரின் தோற்றம் பற்றிச் செயற்றிட்டம் செய்ய வரும் மட்டக்களப்புப் பிள்ளைகளில் பலருக்கு நீர்ப்பரப்பில் பெப்டைட், அதாவது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி, உருவாவதில்தான் கண். நல்ல தலைப்பு. ஆனால் எங்கள் காலத்துப் பிழைகளே அச்சு மாறாமல் திரும்பி வருகின்றன. அளவுப் பிழை, அலகுப் பிழையை விட்டுவிடுகிறேன். அவை தானாகத் திருந்தும்.

தண்ணீரில் நடக்காது என்று முடிப்பது

இரண்டு அமினோ அமிலங்கள் சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேற வேண்டும். சுற்றிவரத் தண்ணீர் என்றால் சமநிலை எதிர்ப்பக்கம் சாயும். அதுவரை சரி. காற்றும் நீரும் தொடும் எல்லையிலோ மூலக்கூறுகள் நெருங்கி, ஒரே திசை பார்த்து நிற்கலாம். அவற்றைச் சூழும் நீரும் குறைவு. 2012இல் கிரிஃபித், வைடா இருவரும் அங்கே பெப்டைட் பிணைப்பு உருவாவதை அகச்சிவப்பு நிறமாலையில் கண்டார்கள். அவர்கள் எடுத்தது லியூசின் என்ற அமினோ அமிலத்தின் எத்தில் எஸ்டர் (அமிலப் பகுதியை எதனோலுடன் இணைத்த வடிவம்), கூடவே செப்பு அயன். ‘எஸ்டர்’ என்பதை விழுங்கிவிட்டு வெறும் லியூசின் என்று எழுதாதீர்கள். எஸ்டராக்காத கிளைசீன், அலனீன் என்ற அமினோ அமிலங்கள், காற்றைத் தொடும் பரப்பு மிகுந்த நீர் நுண்துளிகளில் இணைவதை பர்டியூ பல்கலைக்கழகத்தின் கூக்ஸ் குழு 2022இல் அறிவித்தது.

நிறத்தைப் பார்த்துத் துள்ளுவது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒரு குழு கிளைசீன் கரைசலைத் தெளித்துச் சேர்த்து, கரைப்பான் ஏற ஏறச் சேர்வைகளைப் பிரிக்கும் டி.எல்.சி. தட்டில் ஓட்டி, அமினோ அமிலத்துடன் நிறம் தரும் நின்ஹைட்ரின் அடித்துச் சூடாக்கியது. “சேர், பெப்டைட் வந்திட்டு!” என்று ஓடி வந்தார்கள். ஊதா நிறம் உண்மைதான். ஆனால் கிளைசீனும் அதே ஊதாதான் தரும். தட்டை வாங்கிப் பார்த்தால், கரைப்பான் ஏறி நின்ற கோட்டுக்கும் மேலே ஒரு புள்ளி. கரைப்பான் போகாத இடத்துக்கு எந்தச் சேர்வை போகும்? வெளிச்சத்தில் சரித்தேன்: வரி வரியாகப் பெருவிரல் ரேகை. வியர்வையிலும் அமினோ அமிலம் உண்டு. கடதாசியில் கைரேகை எடுக்கவே நின்ஹைட்ரின் பயன்படுகிறது. நம் ஊர் வெக்கையில் கையுறை இல்லாமல் தட்டைத் தொட்டால் வேறென்ன வரும்? அதற்குள் அறிக்கை அச்சாகி, பைண்டும் பண்ணியாகிவிட்டது. கரைப்பானும் தீர்ந்திருந்தது.

அப்புறம் பெப்டைட் பிணைப்புக்கு ஊதா காட்டும் பையூரெட் சோதனைக்குத் தாவுவார்கள். அதற்குக் குறைந்தது இரண்டு பெப்டைட் பிணைப்பு வேண்டும், இரண்டு அமினோ அமிலம் சேர்ந்த டைபெப்டைட்டில் ஒன்றுதான். ஆகவே ஊதா வராததை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது. மூலக்கூறின் திணிவைக் காட்டும் திணிவு நிறமாலை எடுத்தாலும் அவசரம் வேண்டாம். இரண்டு கிளைசீனின் 75உம் 75உம் கூட்டி, வெளியேறும் நீரின் 18 கழித்தால், அவை சேர்ந்த கிளைசில்கிளைசீன் 132. அஸ்பரஜீன் என்ற தனி அமினோ அமிலமும் 132தான், மூலக்கூற்றுச் சூத்திரமே ஒன்று.

அதே தட்டில் வாங்கிய கிளைசில்கிளைசீனையும், தெளிக்காமல் அதே நேரம் வைத்த கிளைசீன் கரைசலையும், தெளித்த வெறும் நீரையும் பக்கத்தில் ஓட்டுங்கள். இந்த மூன்றும் இல்லாத தட்டை நான் கையில் எடுப்பதேயில்லை.

சலூன் ஸ்பிரே போத்தல்

கரைசலைத் தெளிக்க இதை எடுப்பார்கள். அந்தத் துளி பெரிது. ஆய்வுகளில் வருவது மைக்ரோமீற்றர் அளவுத் துளி.

மில்லர் பெப்டைட் செய்தார் என்று எழுதுவது

ஆதிப் பூமியின் வளியைப் போன்ற வாயுக் கலவையில் மின்பொறி விட்டவர் மில்லர். 1953இல் அவர் அறிவித்தது அமினோ அமிலங்களை.

கல்லடியில் வாவி நுரை அள்ளுவது

நுரையிலும் காற்றும் நீரும் தொடுகின்றன என்று அதை அள்ள வேண்டாம். அது நிறைய இன்றைய உயிர்கள் விட்ட புரதம்.