சூட்டோடு மூடிய டிரம்

பாம்பனில் கருவாட்டுத் தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் போன வாரம் தன் டிரம்மைத் திறந்து காட்டினார். மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். "அண்ணே, மழைத்தண்ணி இறங்கிருச்சு போல" என்றார். ஒரு காலத்தில் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மணல், ஈ, பூனை பற்றியெல்லாம் களத்தில் யாராவது சொல்லித் தந்துவிடுவார்கள். டிரம்முக்குள் ஈரம் சேர வைக்கும் தவறுகளைச் சொல்லத்தான் ஆள் இல்லை. அவை இங்கே.

சூடு ஆறாமல் மூடுவது

என் 20 கிலோ நெத்திலி இதில்தான் போனது. மூன்று மணி வெயிலில் அள்ளி, அப்படியே நீல டிரம்மில் கொட்டி, காற்றுப் புகாமல் இறுக்கினேன். ஐந்தாம் நாள் திறந்தால் குப்பென்று பூசண வாடை. மேலே சொதசொத, அடியில் கைவிட்டால் மொறுமொறு. மூடிதான் ஒழுகுகிறது என்று முடிவுகட்டி, ரப்பர் வளையம் வைத்த மூடி வாங்கினேன். அடுத்த சரக்கும் போச்சு. அந்த மூடிக்குக் கொடுத்த காசை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

அத்தனை தண்ணீரும் மீனுக்குள் இருந்ததுதான். தொட்டால் காய்ந்ததாகத் தெரியும். முள்ளை ஒட்டிய சதையில் ஈரம் தங்கியிருக்கும். சூட்டில் அது ஆவியாகி டிரம்மை நிறைக்கிறது. ஒரு கனமீட்டர் காற்று 40 டிகிரியில் சுமார் 51 கிராம் நீராவியைத் தாங்கும். 25 டிகிரியில் 23 கிராம்தான். ராத்திரி வாடைக்காற்றில் மூடி முதலில் குளிர்ந்ததும் ஆவி அங்கே துளியாகிச் சொட்டும். நடுவில் கிடக்கும் மீன் ஆற நேரமாகும், அதுவரை ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். டிரம்மை எடை போட்டால் ஒரு கிராம்கூட ஏறியிருக்காது. உள்ளேயே இடம் மாறிய ஈரம், அவ்வளவுதான்.

சரி, என்ன செய்யலாம்? நிழலில் பாய் விரித்து ஆறவிடுங்கள், பனி இறங்குமுன் மூடிவிடுங்கள். அதற்கு முன்னால் ஒரு கைப்பிடியைக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். காலையில் பாட்டில் கழுத்து மங்கியிருந்தால் சரக்கு மறுபடி களத்துக்குப் போகட்டும்.

வெயில் படும் சுவரோரம் வைப்பது

சூடான பக்கத்து ஈரம் குளிர்ந்த பக்கத்துக்குப் போய்ச் சேரும். டிரம்மைத் திருப்பித் திருப்பி வைத்தும் பார்த்துவிட்டேன், பலனில்லை.

ஈரத்துக்கு மருந்தாக உப்பைத் தூவுவது

காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பே கசியும்.

விடியற்காலையில் திறந்து பார்ப்பது

கூடாது, பனி ஈரம் உள்ளே போய்விடும். பத்து மணி ஆகட்டும்.