பாஸ்வேர்டு சரிதான், ஆனாலும் 401: ஜாவா கிளையன்ட் எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டளை வரியிலிருந்து கோரிக்கை அனுப்பும் கர்லில் (curl) அடித்துப் பார்த்தால், எல்லாம் சரி என்று சொல்லும் 200 வருகிறது. அதே பயனர் பெயரையும் அதே பாஸ்வேர்டையும் ஜாவா நிரலில் கொடுத்தால் 401, அதாவது ‘நீ யார் என்று காட்டு’ என்ற மறுப்பு. ரெஸ்ட் சர்வீஸோடு (எச்டிடிபி வழியாகப் பேசும் வலைச் சேவை) பேச ஜாவாவில் கிளையன்ட் எழுதியவர்களில் இந்த இடத்தில் முட்டிக்கொள்ளாதவர் குறைவு. உடனே சர்வர் பக்கத்து ஆட்களுக்கு மெயில் போடுவோம், பாஸ்வேர்டை மாற்றித் தரச் சொல்வோம். பெரும்பாலும் பாஸ்வேர்டில் குறையே இருக்காது. நாம் அனுப்பியதாக நினைத்துக்கொண்டிருப்பது ஒன்று, சர்வருக்குப் போய்ச் சேர்வது வேறொன்று. இங்கே சொல்லப்போகும் தவறுகளில் முக்கால்வாசி அந்த இடைவெளியில் பிறந்தவை.

கேட்டால்தான் வாய் திறக்கும் ஆத்தென்டிகேட்டர்

ஜாவா 11-இல் வந்த எச்டிடிபி கிளையன்டில், பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் எடுத்துத் தரும் ஆத்தென்டிகேட்டர் ஒன்றை மாட்டிவிட்டால், எல்லாக் கோரிக்கையோடும் பாஸ்வேர்டு போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது. முதல் கோரிக்கை வெறுங்கையோடுதான் போகும். சர்வர் 401 என்று சொல்லி, எந்த முறையில் அடையாளம் காட்ட வேண்டும் என்று கேட்கும் ஹெடரையும் (பதிலின் தலைப்பு வரி) சேர்த்து அனுப்பினால்தான் கிளையன்ட் பாஸ்வேர்டை வெளியே எடுத்து மறுபடி கதவைத் தட்டும். கர்ல் அப்படிக் காத்திருப்பதில்லை. பயனர் பெயரைக் கொடுத்தால் முதல் தடவையே ஹெடரை அனுப்பிவிடும். ‘கர்லில் வருகிறது, ஜாவாவில் வரவில்லை’ என்ற புலம்பலுக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

எல்லா சர்வரும் ஒழுங்காக 401 சொல்லிக் கேட்காது என்பதுதான் சிக்கல். கிட்ஹப் ஏபிஐ நல்ல உதாரணம். பிரைவேட் ரெபாசிட்டரி ஒன்றைப் பற்றி அடையாளம் காட்டாமல் கேட்டால் அங்கே வருவது 404, ‘அப்படி ஒன்று இல்லை’ என்ற பதில். அப்படி ஒன்று இருக்கிறது என்பதே வெளியாளுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. நம் ஆத்தென்டிகேட்டர் 401-க்காகக் காத்திருக்கும், வருவதோ 404. பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் காட்டும் டோக்கன் பையை விட்டு வெளியே வராது. நாம் முகவரியில் எழுத்துப்பிழை தேடிக்கொண்டிருப்போம்.

பொது ரெபாசிட்டரி என்றால் இன்னும் விவகாரம். 200 வந்துவிடும், எல்லாம் சரியாக ஓடுவதாகத் தோன்றும். ஆனால் நாம் அங்கே முகம் தெரியாத ஆள்தான். அடையாளம் காட்டியவருக்கு மணிக்கு 5000 கோரிக்கை, காட்டாதவருக்கு 60. டெவலப்பர் மெஷினில் பத்து தடவை ஓட்டிப் பார்க்கும்போது இது தெரியாது. புரொடக்‌ஷனுக்குப் போனபின் கால் மணி நேரத்தில் தெரியும்.

இன்னொரு வகை சர்வர் 401 சொல்லும், ஆனால் அந்தக் கேட்கும் ஹெடரை அனுப்ப மறந்துவிடும். அப்போது ஆத்தென்டிகேட்டர் மாட்டிய ஜாவா கிளையன்ட், ஹெடரைக் காணவில்லை என்று ஐஓ எக்ஸெப்ஷன் எறியும். நெட்வொர்க் கோளாறு என்று நினைத்து அதன் பின்னால் ஓடுவோம்.

தீர்வு சின்னது: நம் அடையாளத்தைச் சுமக்கும் ஆத்தரைசேஷன் ஹெடரை நாமே முதல் கோரிக்கையிலேயே வைத்துவிடுவது. ஜெர்சி என்ற லைப்ரரியில், பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் அனுப்பும் பேசிக் முறையைச் சேர்த்தால் முதலிலேயே அனுப்புவதுதான் அதன் இயல்பு. அப்பாச்சி எச்டிடிபி கிளையன்டின் 4-ஆம் பதிப்பில் அப்படி இல்லை, எந்தச் சர்வருக்கு எந்த முறை என்று குறித்துவைக்கும் ஆத் கேஷ் ஒன்றைத் தனியாக அமைத்துக் கொடுக்க வேண்டும். லைப்ரரி மாற்றும்போது இதை மறந்துவிடுகிறோம்.

இரண்டு தடவை போய் வருவதற்கு வேறு விலையும் உண்டு. பெரிய கோப்பை போஸ்ட் செய்தால் முழுக் கோப்பும் ஒருமுறை வீணாகப் போய்த் திரும்பவும் போகும். பழைய எச்டிடிபி யூஆர்எல் கனெக்‌ஷனை ஸ்ட்ரீமிங் முறையில் வைத்திருந்தால் திரும்ப அனுப்பவே முடியாது, மறுமுயற்சி இயலாது என்று கைவிரித்துவிடும். புதிய கிளையன்ட் ஒருமுறை வென்ற பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாக ஒரு கிளையன்டைக் கட்டுபவர்களுக்கு அந்த நினைவும் கிடைக்காது.

பேஸ்64-ஐக் கையால் சுற்றும்போது

சரி, ஹெடரை நாமே எழுதுகிறோம். பேசிக் முறையில் பயனர் பெயர், நடுவில் முக்காற்புள்ளி, அப்புறம் பாஸ்வேர்டு. இதை பேஸ்64 ஆக்க வேண்டும், அதாவது 64 எழுத்துக்குறிகளால் மாற்றி எழுத வேண்டும். மூன்று வரி வேலை, மூன்று வரியிலும் தவறு செய்யலாம்.

முதல் தவறு பழைய நிரலிலிருந்து ஒட்டிக்கொள்வது. ஜேடிகே 9-இல் நீக்கப்பட்ட சன் நிறுவனத்தின் உள் பேஸ்64 வகுப்பு, ஒவ்வொரு 76 எழுத்துக்கும் ஒரு புது வரி போடும். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் சேர்ந்து 57 பைட்டைத் தொடும்வரை ஒன்றும் தெரியாது. காமன்ஸ் கோடெக் என்ற லைப்ரரியின் 1.4-இலும் இதே வழக்கம் இருந்தது, 1.5-இல் திருத்தினார்கள். நான் பராமரித்த ஒரு நிரல் வருடக்கணக்கில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. பாதுகாப்புக் குழு நீளமான பாஸ்வேர்டு வேண்டும் என்று சொன்ன வாரத்தில் படுத்துவிட்டது. நீளமான பாஸ்வேர்டு வைத்ததற்குத் தண்டனை! அதில் இன்னொரு கூத்து: ஹெடர் மதிப்பில் தவறான எழுத்து இருக்கிறது என்று ஜாவா 8 எறிந்த எக்ஸெப்ஷன், அந்த மதிப்பையும் அப்படியே லாக்கில் எழுதி வைத்திருந்தது. பேஸ்64 குறியாக்கம்தான், பூட்டு அல்ல. லாக்கைப் பார்க்கும் யாரும் ஒரு நொடியில் அவிழ்த்துவிடலாம். ஜாவா 8-இலேயே உள்ள பேஸ்64 வகுப்பின் சாதாரண என்கோடரைப் பயன்படுத்துங்கள். மைம் என்கோடரைத் தொட்டால் பழைய 76 எழுத்துக் கதை திரும்ப வரும்.

இரண்டாவது, எழுத்தைப் பைட்டாக மாற்றும்போது எந்தக் குறியாக்கம் என்று சொல்லாமல் விடுவது. ஜாவா 18-க்கு முன்பு அது மெஷினைப் பொறுத்தது. லினக்ஸில் பெரும்பாலும் யூடிஎஃப்-8, விண்டோஸில் வேறு. ஆங்கில எழுத்து மட்டும் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஆசையாகத் தமிழில் ஒரு பாஸ்வேர்டு வைத்து, மேற்கத்தியக் குறியாக்கத்தில் இயங்கும் விண்டோஸ் மெஷினில் ஓட்டினால் எல்லா எழுத்தும் கேள்விக்குறியாகிப் போகும். யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டுவிடுவது நல்லது.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத கடைசிப் புது வரி. பாஸ்வேர்டைக் கோப்பில் வைத்து, அந்தக் கோப்பை அப்படியே படிப்போம். எக்கோ கட்டளையால் எழுதிய கோப்பென்றால் கடைசியில் ஒரு புது வரி ஒட்டிக்கொண்டிருக்கும். ஹெடரில் அப்படியே வைக்கும் பேரர் டோக்கன் என்றால் பரவாயில்லை, ஹெடர் செல்லாது என்று கிளையன்டே நிறுத்திவிடும். பாஸ்வேர்டு என்றால் அந்தப் புது வரியும் பேஸ்64-க்குள் சுற்றப்பட்டுப் போய்விடும். எக்ஸெப்ஷன் இல்லை, எச்சரிக்கை இல்லை, வெறும் 401. படித்ததும் ஸ்ட்ரிப் செய்துவிடுங்கள். பயனர் பெயருக்குள் முக்காற்புள்ளி வரக்கூடாது என்பதும் நினைவிருக்கட்டும். பாஸ்வேர்டுக்குள் வரலாம்.

டோக்கனை வாங்கத் தெரிகிறது, வைத்திருக்கத் தெரியவில்லை

பாஸ்வேர்டுக்குப் பதில் குறிப்பிட்ட காலம் செல்லும் டோக்கனைக் காட்டும் ஓஆத் 2 முறையில், நிரலே தன் ஐடி, சீக்ரெட்டைக் காட்டும் கிளையன்ட் கிரெடென்ஷியல்ஸ் வழியாக டோக்கன் வாங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு, ஒவ்வொரு அழைப்புக்கும் புதிய டோக்கன் கேட்பது. ஓடும், ஆனால் வேலை இரட்டிப்பாகும். டோக்கன் சர்வர் ஒருநாள் நம்மைத் தடுத்துவிடும். இதற்கு நேர் எதிர், நிரல் தொடங்கும்போது ஒருமுறை வாங்கி அதையே கடைசிவரை வைத்திருப்பது. டோக்கனோடு ஆயுளும் நொடிக் கணக்கில் வருகிறது. 3600 என்று வந்தால் 3540-இலேயே புதுப்பித்துவிடுங்கள். இரண்டு மெஷினின் கடிகாரமும் ஒன்றுபோல ஓடும் என்று நம்ப வேண்டாம்.

இந்த முறையில், புதிய டோக்கன் வாங்க உதவும் ரெஃப்ரெஷ் டோக்கன் வரவில்லையே என்று தேடுபவர்களும் உண்டு. தரக்கூடாது என்பதுதான் ஓஆத் 2-இன் விதிகளைத் தரும், 2012-இல் வந்த ஆர்எஃப்சி 6749 சொல்லும் வழக்கம். ஆயுள் முடிந்தால் அதே ஐடி, சீக்ரெட்டைக் காட்டிப் புதிதாக வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

டோக்கன் காலாவதியாகும் நொடியில் ஐம்பது த்ரெட் ஓடிக்கொண்டிருந்தால் ஐம்பதும் ஒரே நேரத்தில் புதிது கேட்டு ஓடும். ஒரு பூட்டைப் போட்டு, ஒன்று வாங்கும்வரை மற்றவை காத்திருக்கச் செய்யுங்கள். 401 வந்தால் புதிய டோக்கன் வாங்கி ஒரே ஒருமுறை மறுபடி முயலுங்கள். அதற்கு மேல் வேண்டாம். 401 மறையும்வரை சுற்றும் லூப் ஒன்றை ஒரு நிறுவனத்தில் பார்த்திருக்கிறேன். சனிக்கிழமை இரவு யாரோ பாஸ்வேர்டை மாற்றியிருந்தார்கள், ஞாயிறு காலைக்குள் அந்தக் கணக்கே பூட்டப்பட்டிருந்தது. 403 வந்தால் மறுமுயற்சி பொதுவாக வீண். நீ யார் என்று தெரிகிறது, உனக்கு அனுமதி இல்லை என்பதுதான் அதன் பொருள்.

எல்லாரையும் நம்பும் ட்ரஸ்ட் மேனேஜர்

சர்வரின் அடையாளத்தை உறுதிசெய்யும் சர்ட்டிபிகேட் சங்கிலியைக் கட்ட முடியவில்லை என்று ஜாவா முறையிடும்போது, எந்தச் சர்ட்டிபிகேட்டையும் ஏற்கும் ஒரு ட்ரஸ்ட் மேனேஜரை எங்கிருந்தோ ஒட்டிவிடும் பழக்கம் இருக்கிறது. ‘டெஸ்டிங்குக்கு மட்டும்’ என்று ஒரு கமென்ட்டும் இருக்கும். அந்தக் கமென்ட்டோடுதான் அது புரொடக்‌ஷனில் உட்கார்ந்திருக்கும். இதை நான் மன்னிப்பதே இல்லை. எதிரில் நிற்பது யார் என்று பார்க்காமல் பாஸ்வேர்டை நீட்டுகிறோம் என்றால், மேலே செய்த மற்ற எல்லாக் கவனமும் வீண். நடுவில் ஒருவர் போலிச் சர்ட்டிபிகேட்டோடு நின்றால் போதும்.

நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழ் மையம் என்றால் அதன் வேர்ச் சர்ட்டிபிகேட்டை, ஜேடிகேயோடு வரும் கீடூல் கருவியை வைத்துத் தனி ட்ரஸ்ட்ஸ்டோரில் ஏற்றி, அதைக் கிளையன்டுக்குக் காட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. ஜேடிகேயின் பொதுவான கோப்பிலேயே ஏற்றினால், ஜேடிகேயைப் புதுப்பிக்கும் நாளில் அது காணாமல் போகும். ட்ரஸ்ட்ஸ்டோரையும் கீஸ்டோரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: யாரை நம்புகிறோம் என்பது முதலாவதில், நாம் யார் என்பது இரண்டாவதில்.

பாஸ்வேர்டையோ டோக்கனையோ யூஆர்எல்லின் கேள்விக்குறிக்குப் பின்னால் ஒட்டாதீர்கள், வழியில் உள்ள லாக் எல்லாவற்றிலும் பதியும். நிரலுக்குள்ளும் எழுதாதீர்கள், ஜாரைப் பிரித்தால் ஸ்ட்ரிங் அப்படியே கிடக்கும்.

இவ்வளவும் பார்த்தபின்னும் வேலை ஆகவில்லை என்றால், கிளையன்டை உங்கள் மெஷினிலேயே, வருவதை அப்படியே காட்டும் நெட்கேட் கருவி கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு போர்ட்டுக்குத் திருப்பி, வந்து விழும் ஹெடரைக் கண்ணால் பாருங்கள். ஆத்தரைசேஷன் வரியே இல்லையா, இரண்டாக உடைந்திருக்கிறதா, பேரர் என்ற சொல் விட்டுப்போயிருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

வரும் எண் 401 தானா என்றும் ஒருமுறை பாருங்கள். 407 என்றால் மறுப்பது சர்வீஸ் அல்ல, நடுவில் உள்ள அலுவலக ப்ராக்ஸி. ஜாவா 8-இன் 111-ஆம் அப்டேட், 2016 அக்டோபரில் வந்தது, எச்டிடிபிஎஸ் டனலுக்கு ப்ராக்ஸியிடம் பேசிக் முறையில் பாஸ்வேர்டு கொடுப்பதை இயல்பில் நிறுத்திவிட்டது. அதைத் திரும்பத் திறக்க ஒரு சிஸ்டம் ப்ராப்பர்ட்டியை வெறுமையாக வைக்க வேண்டும். அதை நிரலின் நடுவில் வைத்தால் பலிக்காமல் போகலாம், அந்த வகுப்பு ஏற்றப்படும்போது ஒரே ஒருமுறைதான் அதைப் படிக்கிறது. ஜேவிஎம் தொடங்கும் கட்டளை வரியிலேயே கொடுத்துவிடுங்கள்.