ஆழ்கடல் விசைப்படகுக்கு உறுதியான திரை தேர்ந்தெடுப்பது எப்படி?

படகு போகும் திசை, அடியில் உள்ள ஆழம், எதிரே வரும் கப்பல் ஆகிய மூன்றையும் இன்று ஒரே திரையில் பார்த்துவிடலாம். வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் படகில் அந்தத் திரை நடுவழியில் அணைந்துபோனால், கரை சேரும்வரை மாற்று ஏற்பாட்டுக்கு வழியில்லை. முதன்முறையாகத் திரை வாங்கும் படகு உரிமையாளர்கள் எதை முதலில் பார்க்க வேண்டும், எதில் ஏமாறக்கூடாது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். கடையில் திரையின் முகத்தைத்தான் காட்டுவார்கள். அதைத் திருப்பி முதுகையும் பாருங்கள்.

படி 1: இடத்தை முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போகும் முன் படகுக்குப் போங்கள். திரை வைக்கப்போகும் இடத்தில் அலைச்சாரல் படுமா, வெயில் நேராக விழுமா, ஓட்டுநரின் கண்ணிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கப்பல் கருவிகளுக்கான ஐ.இ.சி. 60945 என்ற பன்னாட்டுத் தரநிலை, மூடிய இடத்தில் வைக்கும் கருவியையும் திறந்த வெளியில் வைக்கும் கருவியையும் தனித்தனி வகையாகவே சோதிக்கச் சொல்கிறது. கதவு எந்நேரமும் திறந்தே கிடக்கும் வீல் ஹவுஸை, அதாவது படகை ஓட்டும் அறையைத் திறந்த வெளியாகக் கணக்கில் கொள்வதே பாதுகாப்பு. இரு வகைக்கும் வெப்பத்தின் மேல் எல்லை 55 டிகிரி செல்சியஸ். மின்விசிறி வைத்துக் குளிர்விக்கும் திரை உப்புக்காற்றைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால், விசிறி இல்லாததையே கேளுங்கள்.

படி 2: நீர்க்காப்பு எண்ணை முழுவதும் படியுங்கள்

கருவிக்குள் தூசும் நீரும் புகாமல் எவ்வளவு காக்கும் என்பதைச் சொல்லும் குறியீடு ஐ.பி.; ஐ.பி. 65 என்பதில் முதல் எண் தூசுக்கானது, இரண்டாவது எண் நீருக்கானது. இரண்டாவது எண் 5 என்றால் பீய்ச்சும் நீரையும், 6 என்றால் இன்னும் வேகமாகப் பீய்ச்சும் நீரையும், 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கியிருப்பதையும் தாங்கும். ஆனால் 67 என்று மட்டும் போட்டிருந்தால் குழாய் நீரின் வேகத்தையும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தளத்தைப் பம்பு வைத்துக் கழுவும் படகுக்கு 66, 67 ஆகிய இரண்டும் குறிக்கப்பட்டிருப்பது நல்லது. பல திரைகளில் இந்த எண் முன்பக்கத்துக்கு மட்டுமே பொருந்தும், பின்பக்கம் ஏறக்குறைய திறந்தே இருக்கும். விளக்கத்தாளில் ‘முன்பக்கம் மட்டும்’ என்ற சிறிய எழுத்து இருக்கிறதா என்று தேடுங்கள். உப்பைத் தாங்குமா என்பது வேறு சோதனை என்பதால் அதையும் தனியாகக் கேட்க வேண்டும்.

முதுகைப் பார்க்கச் சொன்னதற்குக் காரணம் அங்குள்ள இணைப்பு முனைகள். இறுக்கமில்லாத பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் ஊசிகளின் அடியில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். இயந்திர அதிர்வில் படம் வந்து வந்து போவது பெரும்பாலும் இதனால்தான். திருகி இறுக்கும் வகைப் பிளக்கைத் தேர்ந்தெடுங்கள், பயன்படுத்தாத துளைகளுக்கு மூடி போடுங்கள். கம்பியைச் சற்றுக் கீழே தொங்கவிட்டுப் பிறகு மேலேற்றி இணைத்தால், அதில் வழியும் நீர் தொங்கும் வளைவிலேயே சொட்டிவிடும்.

படி 3: பகலிலும் இருட்டிலும் சோதியுங்கள்

அலுவலகக் கணினித் திரையின் ஒளி சுமார் 250 முதல் 300 நிட் (திரையின் ஒளிர்வை அளக்கும் அலகு). நேர் வெயிலில் படிக்க 1000 நிட்டாவது வேண்டும். கண்ணாடிக்கும் திரைக்கும் இடையே உள்ள காற்று இடைவெளியைப் பசையால் நிரப்பி ஒட்டிய வகையில் எதிரொளிப்பு குறையும், உள்ளே பனி படியாது. விலை கூடினாலும் தகும். பகலில் கூலிங் கிளாஸ் அணிபவர், அதை அணிந்தபடியே திரையைப் பல கோணங்களில் பார்க்க வேண்டும், ஏனென்றால் சில கண்ணாடிகளின் வழியே திரை முழுக் கறுப்பாகத் தெரியும்.

இரவைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். திரையின் வெளிச்சம் அதை ஒரு நொடியில் கெடுத்துவிடும். பிறகு முன்னால் மங்கிய விளக்கோடு கிடக்கும் வள்ளம் கண்ணில் படாது. ஒளியை எவ்வளவு கூட்டலாம் என்று கேட்பதைப் போலவே எவ்வளவு குறைக்கலாம் என்றும் கேளுங்கள். கடையில் விளக்கை அணைக்கச் சொல்லி, மிகக் குறைந்த ஒளியில் வைத்துப் பாருங்கள். அப்போதும் முகத்தில் வெளிச்சம் விழுந்தால் வேண்டாம். தொடுதிரையாக இருந்தால், கடைக்காரரின் அனுமதியோடு சில துளி நீர் தெளித்து ஈரவிரலால் தொட்டுப் பாருங்கள். தொடாத இடமெல்லாம் தானாக வேலை செய்தால், மழையிலும் அப்படித்தான் செய்யும். ஒளியைக் குறைக்க மட்டுமாவது அழுத்தும் பொத்தான் ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

படி 4: மின்சாரமும் திசைகாட்டியும்

இயந்திரத்தை ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரியின் வோல்ட் சட்டென இறங்கும். ஓடத் தொடங்கியதும் 24 வோல்ட் அமைப்பு 28 வரை ஏறும். 10 முதல் 32 வோல்ட் வரை ஏற்கும் திரை இரண்டையும் தாங்கும். அதற்குத் தனி ஃபியூஸ் போடுங்கள்.

திசைகாட்டியிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி வைக்க வேண்டும் என்பது திரையிலோ கையேட்டிலோ குறிக்கப்பட்டிருக்கும். துளை போடுவதற்கு முன், திரையை அந்த இடத்தில் கையில் பிடித்தபடி அணைத்தும் எரியவிட்டும் பாருங்கள். திசைகாட்டியின் தட்டு அசைந்தால் இடத்தை மாற்றுங்கள்.

படி 5: பொருத்துதல்

திருகுகளுக்கு 304 வகைத் துருப்பிடிக்காத எஃகைவிட மாலிப்டினம் கலந்த 316 எஃகு உப்பை நன்றாகத் தாங்கும். அலுமினியச் சட்டத்தில் எஃகுத் திருகு நேராகப் பட்டால் அலுமினியம் அரிக்கும் என்பதால், நடுவே நைலான் வாஷர் வையுங்கள். தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் உள்ள மீன்பிடித் தடைக்காலமே இந்த வேலைக்கு ஏற்றது. தடை முடிந்ததும் நீண்ட பயணத்துக்கு முன் ஓர் இரவாவது அருகில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

பயன்பாட்டில் திரையின் மேல் உப்புப் பூத்திருக்கும்போது உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். உப்புத் துகள் கண்ணாடியின் மேற்பூச்சைக் கீறிவிடும். நன்னீரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் ஒற்றி, உப்பு கரைந்த பிறகு மெல்லத் துடையுங்கள்.