சிறு பிள்ளைகளுக்கு வீட்டிலேயே வரலாறு: பாடத்திட்டத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தர முடிவெடுத்தவர்களைக் கணக்கு அவ்வளவாகக் குழப்புவதில்லை. கூட்டல் தெரிந்த பிறகுதான் பெருக்கல். வரலாற்றுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. பிரமிடில் தொடங்குவதா, பாட்டியின் சின்ன வயதுக் கதையில் தொடங்குவதா? இரண்டுமே சரிதான் என்பதால்தான் குழப்பம்.

நான் முதலில் வாங்கிய பாடத்திட்டத்தின் பொருளடக்கம் பிரமாதமாக இருந்தது. உலகத்தில் ஒரு நாகரிகத்தையும் அது விடவில்லை. மூன்றாவது வாரமே என் ஆறு வயது மகள் "இன்னைக்கு வரலாறு வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டாள். வாங்குவதற்கு முன் ஒரு அத்தியாயத்தையாவது அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். அதைத்தான் நான் செய்யவில்லை. ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் அந்தத் தவறைச் செய்யாமல் இருக்கவே இதை எழுதுகிறேன்.

படி 1: சட்டத்தைப் பாருங்கள்

வீட்டுக் கல்வி விதிகள் நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனியில் பொதுவாக அனுமதியே கிடையாது. இங்கிலாந்தில் அனுமதி உண்டு. தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நீங்கள் இருக்கும் இடத்தில் வரலாறு கட்டாயப் பாடமா, பதிவேடு காட்ட வேண்டுமா, பின்னால் ஏதாவது தேர்வு எழுத வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாள் வேலைதான்.

படி 2: எது மனதில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

ஆறு வயதுப் பிள்ளைக்கு நூறு வருடமும் ஆயிரம் வருடமும் ஒன்றுதான். இரண்டுமே "ரொம்ப நாள் முன்னாடி". அதனால் இந்த வயதில் ஆண்டுகளை மனப்பாடம் செய்யவைக்கும் பாடத்திட்டத்தை நான் தொடவே மாட்டேன். நிற்க வேண்டியவை மூன்று. முன்பு வாழ்ந்தவர்களும் நம்மைப் போலப் பசித்து, பயந்து, விளையாடிய மனிதர்கள்தான் என்ற உணர்வு. எது முன், எது பின் என்ற பிடிமானம். அப்புறம், "இது நமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கும் பழக்கம். மூன்றாவதை நிறையப் புத்தகங்கள் மறந்துவிடுகின்றன. எனக்கு அதுதான் முக்கியம்.

படி 3: வழியைத் தேர்ந்தெடுங்கள்

கடைக்குப் போனால் நூறு பெயர்கள் இருக்கும். உள்ளே பார்த்தால் பெரும்பாலானவை நான்கு வகைக்குள் அடங்கிவிடும்.

முதல் வகை, ஆதியிலிருந்து இன்றுவரை வரிசையாகப் போவது. வழக்கமாக நான்கு ஆண்டுச் சுற்று: பழங்காலம், இடைக்காலம், நவீன காலத்தின் தொடக்கம், அண்மைக் காலம். சுற்று முடிந்ததும் அதே கதைகளை இன்னும் ஆழமாக மறுபடி படிப்பார்கள். இதில் ஒரு நல்ல வசதி, ஆறு வயதுப் பிள்ளையும் ஒன்பது வயதுப் பிள்ளையும் ஒரே காலகட்டத்தைச் சேர்ந்து படிக்கலாம். பெரியவனுக்கு மட்டும் கூடுதல் வாசிப்பு. ஒரு சிக்கலும் உண்டு. நான்காம் ஆண்டில் உலகப் போர்கள் வந்து நிற்கும். ஆறு வயதில் தொடங்கிய பிள்ளைக்கு அப்போது ஒன்பது வயதுதான். அந்த ஆண்டின் புத்தகத்தை முன்கூட்டியே புரட்டி, படங்கள் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள்.

இரண்டாவது, அருகிலிருந்து தொலைவுக்குப் போவது: நான், என் குடும்பம், என் ஊர், என் நாடு, உலகம். பள்ளிகளில் பழகிய முறை இது. ஆனால் சின்னப் பிள்ளைகளுக்குத் தொலைவில் இருப்பது புரியாது என்று இதில் எடுத்துக்கொள்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. எகிப்தில் பதப்படுத்தி வைத்த மம்மி உடல்களைப் பற்றிச் சொன்னால் கண் விரியாத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

மூன்றாவது, ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு காலம் முழுக்கப் போவது: வீடு, ரொட்டி, கடிதம், கப்பல். வரிசை குலையும், ஆனால் ஆர்வம் குறையாது. நான்காவது வழக்கமான பாடநூலும் பயிற்சி ஏடும். பதிவேடு காட்ட வேண்டிய இடத்தில் கைகொடுக்கும்.

என் விருப்பம் முதல் வகைதான், ஆனால் அவசரமில்லாமல். நான்கு ஆண்டு ஐந்தானாலும் ஒன்றும் கெட்டுவிடாது.

படி 4: ஒரே ஒரு அத்தியாயத்தைச் சோதியுங்கள்

இந்த ஒரு படிக்கு மட்டும் நேரம் கொடுங்கள். பல பதிப்பகங்கள் மாதிரி அத்தியாயம் தருகின்றன, நூலகத்திலும் கிடைக்கலாம்.

முதலில் சத்தமாக வாசியுங்கள். பதினைந்து நிமிடம் போதும். உங்களுக்கே நாக்கு தடுக்கினால் பிள்ளைக்கும் புரியாது. வாசித்து முடித்ததும் கேள்வி கேட்காதீர்கள். "இப்ப நீ எனக்குச் சொல்லு" என்று மட்டும் சொல்லுங்கள். இங்கிலாந்துக் கல்வியாளர் ஷார்லட் மேசன் (1842–1923) வலியுறுத்திய பழக்கம் இது: கேட்டதைப் பிள்ளை தன் சொல்லில் திருப்பிச் சொல்வது. நல்ல கதையென்றால் பிள்ளை கையை ஆட்டி ஆட்டிச் சொல்லும். பெயர்களின் பட்டியலாக இருந்தால் இரண்டு வாக்கியத்தில் நின்றுவிடும். எந்த விமர்சனத்தைப் படித்தாலும் இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

அப்புறம் நீங்கள் தனியாக உட்கார்ந்து உண்மையைச் சோதியுங்கள். நான் எப்போதும் பார்க்கும் பக்கங்கள் சில உண்டு.

கொலம்பஸ். 1492-இல் அவர் போய்ச் சேர்ந்த தீவுகளில் ஏற்கெனவே மக்கள் வாழ்ந்தார்கள். "கண்டுபிடித்தார்" என்று எழுதிவிட்டு அந்த மக்களுக்கு ஒரு வரிகூடத் தராத புத்தகம் மற்ற இடங்களிலும் அப்படித்தான் செய்யும். பூமி உருண்டை என்று நிரூபிக்கவே அவர் கப்பலேறினார் என்று எழுதியிருந்தால் இன்னும் மோசம். எரடோஸ்தனீஸ் என்ற கிரேக்க அறிஞர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டுவிட்டார்.

அச்சுக்கலை. ஜெர்மனியின் அச்சாளர் கூட்டன்பர்க்கின் பைபிள் ஏறத்தாழ 1455-இல் வந்தது. கொரியாவில் 1377-இலேயே உலோக எழுத்துகளால் ஒரு பௌத்த நூலை அச்சிட்டுவிட்டார்கள். தனித்தனி எழுத்துகளைக் கோத்து அச்சிடும் முறை சீனாவில் அதற்கும் முன்னூறு ஆண்டுகள் முந்தியது. ஆசியாவை ஒரு வரியிலாவது சொல்கிறதா என்று பாருங்கள்.

பிரமிடு. சாட்டையடி வாங்கும் அடிமைகளின் படம் போட்டிருக்கிறதா? எகிப்தில் பெரிய பிரமிடு இருக்கும் கீசாவில் தொழிலாளர்களின் குடியிருப்பும் கல்லறைகளும் தோண்டியெடுக்கப்பட்ட பிறகு அந்தச் சித்திரம் மாறிவிட்டது. பழைய படமே இருந்தால் நூல் புதுப்பிக்கப்படவில்லை என்று அர்த்தம்.

சிந்துவெளி. அதன் எழுத்தை இன்னும் யாரும் எல்லோரும் ஏற்கும்படி படித்துக் காட்டவில்லை. "இது இன்னும் நமக்குத் தெரியவில்லை" என்று பிள்ளையிடம் நேராகச் சொல்லும் புத்தகம் எனக்குப் பிடிக்கும். "பெரியவங்களுக்கும் தெரியாதா?" என்று என் மகள் கேட்ட அன்றுதான் வரலாறு அவளுக்கு விளையாட்டானது.

முதல் அத்தியாயத்தையும் விடாதீர்கள். மனித இனத்தின் வயது சுமார் 3 லட்சம் ஆண்டு என்பது இன்றைய அறிவியல் சொல்வது. சமயப் பதிப்பகங்கள் சிலவற்றின் நூல்கள் பூமிக்கே சில ஆயிரம் ஆண்டுகள்தான் தருகின்றன. எந்த நம்பிக்கையில் நின்று எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்து வாங்குங்கள். பாதி வழியில் தெரியவந்தால் பணமும் போகும், மனமும் சங்கடப்படும்.

படி 5: உங்கள் வாரத்தையும் கணக்கில் எடுங்கள்

ஒவ்வொரு பாடத்துக்கும் களிமண், பசை, அட்டை என்று கேட்கும் பாடத்திட்டம், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஓடாது. வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் இருபது நிமிடம் என்று வையுங்கள். அதற்குள் முடியாத திட்டம் பெரும்பாலும் அலமாரிக்குத்தான் போகும். முழுத் தொகுப்பையும் ஒரேயடியாக வாங்காமல் முதல் ஆண்டுக்குரியதை மட்டும் வாங்குங்கள்.

படி 6: சுவரில் ஒரு காலக்கோடு

எந்தத் திட்டம் எடுத்தாலும் இதைச் செய்யுங்கள். ஐந்து மீட்டர் நீளக் காகிதப் பட்டை. ஒரு ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர். வலது ஓரம் இன்று. உங்கள் ஏழு வயதுப் பிள்ளையின் வாழ்க்கை ஏழு மில்லிமீட்டர். நிலவில் மனிதன் கால் வைத்த 1969, ஆறு சென்டிமீட்டருக்குள் வந்துவிடும். கிளியோபாட்ரா இறந்த கி.மு. 30, இரண்டு மீட்டர் தாண்டி. கீசாவின் பெரிய பிரமிடு நாலரை மீட்டரையும் தாண்டி நிற்கும். கிளியோபாட்ராவுக்கும் பிரமிடுக்கும் உள்ள தூரம், அவருக்கும் நிலவுப் பயணத்துக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம் என்பதைப் பிள்ளையே கையால் அளந்து கண்டுபிடிக்கட்டும். படிக்கும் ஒவ்வொரு கதைக்கும் ஒரு சின்னப் படம் வரைந்து அதில் ஒட்டச் சொல்லுங்கள்.

ஆறு வாரம் கழித்து அந்தப் பட்டையின் முன் நின்று, ஏதாவது ஒரு படத்தைக் காட்டி "இது யாரு?" என்று கேளுங்கள். பிள்ளை கதை சொல்ல ஆரம்பித்தால் அடுத்த பகுதியை வாங்கலாம். பேசாமல் நின்றால் நூலகத்துக்குப் போய் இன்னொரு புத்தகத்திலிருந்து ஒரு அத்தியாயத்தை எடுத்து, நாலாவது படியை மறுபடி செய்யுங்கள்.