ஊருக்குப் போகும் முன்: விட்டுச் செல்லும் கணினியின் திரையைத் தூரத்திலிருந்து திறப்பதும் மூடுவதும்

பெட்டி கட்டுவது பற்றி எழுதப் போவதில்லை. கிளம்பும் வாரத்தில் செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலை பற்றி மட்டும் சொல்கிறேன். வெளிநாட்டில் நாம் வாழும் வீட்டில் விட்டுச் செல்லும் லினக்ஸ் கணினியின் டெஸ்க்டாப்பை, எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து பாதுகாப்பாகக் கட்டளை அடிக்க உதவும் இணைப்பு) வழியாக உள்ளே போய், வெறும் கட்டளைகளாலேயே தொடங்கவும் நிறுத்தவும் பழகிக்கொள்ளுங்கள். அதை உங்கள் வீட்டு வைஃபையில் சோதித்துப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். போனின் டேட்டாவில் இணைந்து, வெளியாளாக உள்ளே வர முடிகிறதா என்று பாருங்கள். பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதால் வெளியிலிருந்து நேராக வர வழி இருக்காது. அப்படியானால் வயர்கார்டு, டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் (கணினிகளைப் பிணைக்கும் தனி இணைப்பு) ஒன்றை முன்கூட்டியே போட்டுவிட வேண்டும்.

கோப்பு ஒன்றுதான் வேண்டுமென்றால் எஸ்சிபி (எஸ்எஸ்எச் வழியாகக் கோப்பை நகலெடுக்கும் கட்டளை) போதும், டெஸ்க்டாப்பே தேவையில்லை. எனக்குத் தேவைப்பட்டது வேறு.

ஊருக்குப் போனால், வருஷக்கணக்கில் தள்ளிப்போட்ட பத்திர வேலைகள் எல்லாம் நமக்காகவே காத்திருக்கும். இந்த முறை பெரியப்பா. அப்பாவும் அவரும் கூட்டாக வைத்திருந்த நிலத்தைப் பிரித்து எழுத வேண்டும். நான் வெளிநாட்டில் வசிப்பதற்கான கடிதம், அதுவும் புதிய தேதியோடு, உடனே வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். "நாளைக்குக் காலையில பேப்பர் கையில இருக்கணும், விட்டா நீ மறுபடி எப்ப வருவியோ" என்றார் பெரியப்பா. கோபம்தான் வந்தது. ஆனால் நான் இல்லாத அத்தனை வருஷமும் அந்த அலுவலகப் படிகளைத் தனியாக ஏறி இறங்கியவர் அவர். மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

கடிதத்தைத் தரும் அரசு இணையதளமோ நான் வாழும் நாட்டுக்கு வெளியிலிருந்து வருபவர்களை உள்ளே விடாது. ஆகவே அங்கே என் வீட்டில் இருக்கும் கணினியின் பிரவுசரில்தான் திறக்க வேண்டும்.

கட்டளைகளை இங்கே ஒலிப்பில் எழுதுகிறேன். ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். டைகர்விஎன்சி (கணினியின் திரையைத் தூரத்துக்கு அனுப்பும் மென்பொருள்) இருந்தால் 'விஎன்சிசர்வர் :1' என்று அடித்தால் முதல் திரை தொடங்கும். திரை எண்ணோடு 5900ஐக் கூட்டினால் போர்ட் எண், அதாவது இணைப்பு உள்ளே வரும் வாசலின் எண். ஆக :1 என்றால் 5901. ஜியோமெட்ரி தெரிவில் அகலம் 1280, உயரம் 800 கொடுங்கள். ஊர் இணைப்பு மெதுவாக இருந்தால் டெப்த் (நிற ஆழம்) 16 என்று குறைத்துக்கொள்ளலாம். அதே கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்புகளை மட்டும் ஏற்கச் சொல்லும் லோக்கல்ஹோஸ்ட் தெரிவை மட்டும் விட்டுவிடவே கூடாது. விஎன்சி கடவுச்சொல்லில் முதல் 8 எழுத்துகள் மட்டுமே கணக்கு, அதை நம்பி 5901ஐ இணையத்தில் திறந்து வைக்க முடியாது. எஸ்எஸ்எச்சில் '-எல்' கொடுத்து (அது பெரிய எழுத்து) 5901ஐச் சுரங்கமாகக் கொண்டு வந்து, உங்கள் மடிக்கணினியில் விஎன்சி வியூவர் (திரையைக் காட்டும் செயலி) கொண்டு லோக்கல்ஹோஸ்ட் 5901இல் பாருங்கள். ஃபெடோரா மாதிரியான லினக்ஸ் வகைகளின் புதிய பதிப்புகளில் 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் விஎன்சிசர்வர்@:1' என்பதுதான் முறை. நிறுத்த, ஸ்டார்ட் இருக்கும் இடத்தில் ஸ்டாப்.

திரை வந்தது, தளமும் திறந்தது. கடிதம் இறங்கிக்கொண்டிருக்கும்போது எல்லாம் உறைந்துபோனது. நினைவகம் நிரம்பியதால் லினக்ஸின் மையமான கர்னலே, விஎன்சி சர்வர் நிரலான எக்ஸ்விஎன்சியைக் கொன்றிருந்தது. மறுபடி தொடங்கினால், :1இல் ஏற்கனவே ஒரு சர்வர் ஓடுகிறது என்று மறுக்கிறது. நிறுத்தும் கட்டளையான 'விஎன்சிசர்வர் -கில் :1' அடித்தால் நிறுத்துவதற்கு எதுவும் இல்லை என்கிறது. பெரியப்பா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறார். கவுன்டர் மூடும் நேரம் நெருங்குகிறது.

இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளாத ஆள் குறைவு, அதனால் விரிவாகவே சொல்கிறேன். சர்வரை முறையாக நிறுத்தினால் அது, இந்தத் திரை எண் பயன்பாட்டில் இருக்கிறது என்று குறிக்கும் தன் பூட்டுக் கோப்பைத் தானே அழித்துவிடும். திடீரென்று செத்தால் கோப்பு அப்படியே கிடக்கும். முதலில், ஓடும் நிரல்களைத் தேடும் 'பிக்ரெப்' கொண்டு எக்ஸ்விஎன்சி உண்மையிலேயே ஓடவில்லை என்று உறுதி செய்யுங்கள். ஓடுகிற சர்வரின் பூட்டை அழித்தால் குழப்பம் இரட்டிப்பாகும். அப்புறம் தற்காலிகக் கோப்புகள் இருக்கும் டிஎம்பி அடைவில் இரண்டை அழிக்க வேண்டும். ஒன்று புள்ளியில் தொடங்கும் 'எக்ஸ்1-லாக்', மற்றது புள்ளியில் தொடங்கும் 'எக்ஸ்11-யூனிக்ஸ்' அடைவுக்குள் இருக்கும் 'எக்ஸ்1'. ஒன்றை மட்டும் அழித்தால் மற்றது வழியை மறிக்கும். இதற்கெல்லாம் நேரமே இல்லையென்றால் ':2' என்று அடுத்த எண்ணில் தொடங்கி, சுரங்கத்தை 5902க்கு மாற்றிவிடுங்கள். நான் அதைத்தான் செய்தேன். கடிதம் இறங்கியது. பழையதை இரவில் சுத்தம் செய்தேன்.

திரை தொடங்கியும் சாம்பல் நிறமாக மட்டும் இருந்தால் எக்ஸ்ஸ்டார்ட்அப் கோப்பில் டெஸ்க்டாப்பைத் தொடங்கும் வரி இல்லை என்று அர்த்தம். எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலேசான டெஸ்க்டாப் ஒன்றை ஊருக்குக் கிளம்பும் முன்பே அதில் போட்டுவையுங்கள். வேறு எந்தக் கோளாறுக்கும் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் திரை எண்ணோடு இருக்கும் நிகழ்வுப் பதிவுக் கோப்பு.

விஎன்சிக்குப் பதில் எக்ஸ்ஆர்டிபி (விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் முறையை லினக்ஸில் தரும் சர்வர்) பயன்படுத்துகிறவர்களுக்கு வேலை சுலபம்: 'சிஸ்டம்சிடிஎல்' உடன் ஸ்டார்ட், ஸ்டாப், ஸ்டேட்டஸ். போர்ட் 3389. அதையும் சுரங்கத்துக்குள்ளேயே வையுங்கள். விண்டோஸில் ரிமோட் டெஸ்க்டாப் சேவையை நிறுத்த 'நெட் ஸ்டாப் டெர்ம்சர்வீஸ்' இருக்கிறது, ஆனால் ரிமோட் திரைக்குள் உட்கார்ந்துகொண்டு அதை அடித்தால் உங்கள் இணைப்பே அறுந்துவிடும். எஸ்எஸ்எச் வழியாக அடியுங்கள்.

கிளம்பும் முன் இன்னும் சில. கணினி தானாகத் தூங்காதபடி 'சிஸ்டம்சிடிஎல் மாஸ்க்' கொண்டு ஸ்லீப், சஸ்பெண்ட் டார்கெட்களை முடக்குங்கள். மின்சாரம் போய்த் திரும்பினால் தானே இயங்கும்படி பயாஸில் மாற்றுங்கள். வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்திருந்தால், மறுதொடக்கத்தில் கடவுச்சொல் கேட்டு அங்கேயே நின்றுவிடும், யாரும் இல்லாத வீட்டில் அதை அடிக்க ஆளிருக்காது. அங்கே வரும் ஓடிபி இங்கே உங்கள் போனுக்கு வருமா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

வியூவரை மூடினால் சர்வர் நிற்காது, இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. உங்கள் பிரவுசர், உள்நுழைந்த கணக்குகள் எல்லாம் அங்கே திறந்தபடியே இருக்கும். ஊரில் இணைப்பு அறுவது சகஜம், அப்போது நிறுத்தக் கையே எட்டாது. அதனால் தொடங்கும்போதே, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் 'அட்' கட்டளையில், 2 மணி நேரத்தில் 'விஎன்சிசர்வர் -கில் :1' ஓடட்டும் என்று போட்டுவைக்கிறேன். வேலை முன்னதாக முடிந்தால் நானே நிறுத்திவிட்டு, 'விஎன்சிசர்வர் -லிஸ்ட்' வெறுமையாக வருகிறதா, திறந்திருக்கும் போர்ட்களைக் காட்டும் 'எஸ்எஸ்' கட்டளையில் 5901 காணாமல் போயிருக்கிறதா என்று பார்த்த பிறகே எஸ்எஸ்எச்சிலிருந்து வெளியேறுகிறேன்.

கடைசியாக, உறவினர் மடிக்கணினியை இரவல் வாங்கி இதைச் செய்ய நேர்ந்தால், அதற்கென்று தனி எஸ்எஸ்எச் சாவி ஒன்றை உருவாக்குங்கள். திருப்பிக் கொடுக்கும் அன்றே, வீட்டுக் கணினியில் அனுமதித்த சாவிகளின் பட்டியலான ஆதரைஸ்டு கீஸ் கோப்பிலிருந்து அந்த வரியை நீக்கிவிடுங்கள்.