மடக்கு மேசை வெச்ச அலமாரி: வாங்கறதுக்கும் செய்யறதுக்கும் முன்னாடி பாக்க வேண்டியது

சின்ன ரூம்ல தனியா ஒரு டேபிள் போட இடம் இல்லாதவங்களுக்கு மடக்கு மேசை நிஜமாவே பெரிய உதவி, வேலை நேரத்துல டேபிள், மத்த நேரத்துல சுவரோட ஒட்டின ஒரு அலமாரி. ஆனா பல வீட்ல இது கொஞ்ச நாள்லயே திறந்தபடி நின்னுடும், யாரும் மூடவே மாட்டாங்க. ஏன்னா மூடணும்னா மேல இருக்கற லேப்டாப், சார்ஜர், நோட்டு, பேனா டப்பா எல்லாத்தையும் தூக்கி வேற எங்கயாவது வைக்கணும், அந்த வேற இடம் வீட்ல இருந்திருந்தா மடக்கு மேசையே தேவைப்பட்டிருக்காதே. அதனால யார் கேட்டாலும் நான் முதல்ல சொல்றது இதுதான்: திறந்தா எவ்ளோ அழகா இருக்கும்னு பாக்காதீங்க, மூடும்போது எந்தப் பொருள் எங்க போகும்னு அங்கேந்து ஆரம்பிங்க.

இப்ப நீங்க வேலை செய்யற இடத்துல தினமும் கெடக்கற சாமானை அப்படியே ஒரு பக்கமா சேர்த்து வைங்க. அதுல எது தடிமனோ அதை ஸ்கேல் வெச்சு அளங்க. லேப்டாப்பை நிறுத்தி வெச்சா 3 செ.மீ. போதும், ஆனா சார்ஜர் அடாப்டர், ஹெட்செட், டேபிள் லாம்ப் இதெல்லாம் 10 செ.மீ., 15 செ.மீ.னு கேக்கும். மேசை மடிஞ்சு மூடற அலமாரிப் பெட்டிக்குள்ள கிடைக்கற ஆழம் இதைவிடக் குறைவா இருந்தா அந்த மாடல் உங்களுக்கு ஒத்து வராது, எவ்ளோ நல்லா இருந்தாலும் விட்டுடுங்க. அப்புறம் நாற்காலி! எல்லாரும் மறக்கறது இதைத்தான், மேசை மடிஞ்சு போயிடும், நாற்காலி நடு ரூம்ல நிக்கும். அதுக்கும் ஒரு இடம் முன்னாடியே முடிவு பண்ணுங்க, மடக்கு நாற்காலின்னா அலமாரி பக்கவாட்டுல மாட்ட ஒரு கொக்கி போதும்.

வகைன்னு பாத்தா முக்கியமா நாலு இருக்கு. சுவர்ல முக்கோண மடக்கு பிராக்கெட் அடிச்சு அது மேல ஒரு பலகை, இது ரொம்ப சிம்பிள், ஆனா சாமான் வைக்க இடமே கிடையாது. ரெண்டாவது, ஆழம் குறைவான பெட்டி, அதோட முன்கதவே கீழ விழுந்து மேசை ஆகும். மூணாவது, உயரமான அலமாரிக்குள்ளேந்து டிராயர் மாதிரி வெளிய இழுக்கற மேசை. நாலாவது, சுவர்லேந்து கீழ இறங்கற கட்டில் கூட சேர்ந்து வர்றது. தனியா ஒருத்தர் வேலை செய்ய எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும், ஏன்னா பெட்டிக்குள்ள இருக்கற தரையும் திறந்த கதவும் ஒரே மட்டத்துல வந்தா மேசையோட ஆழம் கூடிடுது. கதவு 50 செ.மீ., உள்ள 18 செ.மீ.னா மொத்தம் 68 செ.மீ. கிடைக்கும், அதுல தனி மானிட்டரே வைக்கலாம். அதைவிட முக்கியம், அந்த உள்பக்கத்துல இருக்கற சாமானை மூடும்போது தொடவே வேண்டாம், லாம்ப்பும் பேனா ஸ்டாண்டும் இருந்த இடத்துலயே இருக்கும், நோட்டை மட்டும் உள்ள தள்ளிட்டு கதவைத் தூக்கினா முடிஞ்சது.

அளவுக்கு வருவோம். உயரம் பொதுவா 72 லேந்து 75 செ.மீ.னு வரும், ஆனா உங்க நாற்காலில உக்காந்து தோளைத் தளர்த்தி முழங்கையை 90 டிகிரி மடக்கி, முழங்கைலேந்து தரைக்கு எவ்ளோன்னு அளந்தா அதுதான் உங்க உயரம், குள்ளமானவங்களுக்கு 68 கூட சரியா இருக்கும். அகலம் லேப்டாப்புக்கு மட்டும்னா 75 செ.மீ. போதும், பக்கத்துல நோட்டும் விரிக்கணும்னா 90. பெட்டி 20, கதவு 50, அதுக்குப் பின்னாடி நாற்காலியைத் தள்ளி எழுந்திருக்க ஒரு 80, ஆக சுவர்லேந்து 1.5 மீட்டர் காலியா இருக்கணும். மாஸ்கிங் டேப்பை எடுத்து தரைலயும் சுவர்லயும் இந்த அளவை ஒட்டி ரெண்டு நாள் அப்படியே விட்டுப் பாருங்க, ரூம் கதவு இடிக்குதா, ஃபேன் சுவிட்ச் பெட்டிக்குப் பின்னாடி மறையுதா எல்லாம் அப்பவே தெரிஞ்சுடும். 73 செ.மீ. உயரத்துல ஆரம்பிக்கற பெட்டி மூடினா எப்படியும் 125 செ.மீ. வரைக்கும் போகும், சுவிட்ச் போர்டு பெரும்பாலும் அந்த உயரத்துலதான் இருக்கும்.

இப்ப கதவு திறக்கற இடத்தை நல்லா உத்துப் பாருங்க, மேசை உழைக்குமா உழைக்காதான்னு முடிவாகறது அங்கதான். 90 செ.மீ.க்கு 50 செ.மீ., 18 மிமீ ப்ளைவுட் பலகை சுமார் 5 கிலோ வரும், எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்யற பலகை)னா 6 கிலோ. அது மேல லேப்டாப், அதுக்கு மேல ரெண்டு கையையும் ஊனி நாம சாயற பாரம். இது முழுசும் கீல்ல மட்டும் தொங்கினா ஸ்க்ரூ கொஞ்சம் கொஞ்சமா மரத்தைப் பிச்சுட்டு வந்துடும். கீல் திரும்பறதுக்கு மட்டும்தான், பாரத்தை வாங்க ரெண்டு பக்கமும் மடங்கற கை, அதாவது கதவையும் பெட்டியையும் சேர்த்துப் பிடிக்கற தாங்கி வேணும், இல்லன்னா பெட்டிக்கு அடிலேந்து வெளிய இழுக்கற ரெண்டு மரச் சட்டம் வேணும். சட்டம் இழுக்கறது பழைய எழுத்து மேசைகள்ல இருக்கற முறை, என்னைக் கேட்டா அதுதான் கெட்டி, ஆனா தினமும் சட்டத்தை இழுத்துட்டுதான் கதவை இறக்கணும், மறந்தா கீல் போச்சு. மடங்கற கைல அந்தத் தொல்லை இல்லை, அது உள்ள மடங்க ரெண்டு ஓரத்துலயும் மூணு நாலு செ.மீ. காலியா விடணும், அவ்ளோதான். மெதுவா இறங்கற டேம்பர் வெச்ச கையா பாத்து வாங்குங்க, 5 கிலோ பலகை டொம்முனு விழுந்தா கீழ இருக்கற முட்டியோட கதி என்ன ஆகும்.

கீல்ல பியானோ கீல் பலமானது, பலகை முழு நீளத்துக்கும் ஓடறதால பாரம் பிரிஞ்சு போகும், ஆனா அதோட உருளை சரியா இணைப்பு மேல மேடு தட்டி நிக்கும், ஒரு தாளை அது மேல வெச்சு எழுதினா பேனா ஒவ்வொரு தடவையும் துள்ளும். எழுதறவங்க, படம் வரையறவங்க மரத்துக்குள்ள பதிச்சு மேல்மட்டத்தோட தட்டையா வர்ற ஃப்ளாப் கீல் போடச் சொல்லுங்க.

பிராக்கெட் வகைதான் போடறீங்கன்னா ஒரு சின்ன கணக்கு தெரிஞ்சு வெச்சுக்கோங்க. 50 செ.மீ. பலகையோட நுனில 20 கிலோ அழுத்தினா, பிராக்கெட்டோட சுவர்ப்பக்கக் கால் 30 செ.மீ. உயரம் இருந்தா மேல் ஸ்க்ரூக்களை சுமார் 33 கிலோ அளவுக்கு வெளிய இழுக்கும். அதே கால் 20 செ.மீ.னா 50 கிலோ ஆயிடும். ரெண்டு பிராக்கெட்டுக்கும் அது பிரிஞ்சு போகும்தான், இருந்தாலும் கால் நீளமா இருக்கறதை எடுக்கறது எவ்ளோ முக்கியம்னு இதுலேந்து புரியும்.

சுவர் என்ன சுவர்னு தெரியாம டிரில்லைக் கைல எடுக்காதீங்க. செங்கல், கான்கிரீட்னா வால் பிளக் (துளைக்குள்ள போய் ஸ்க்ரூவைப் பிடிக்கற உறை) போட்டு ஸ்க்ரூ அடிச்சா போதும், ஆனா சுவர் மேல சிமெண்ட் பூச்சே 12, 15 மிமீ இருக்கும், அது பாரம் தாங்காது, பிளக் அதைத் தாண்டி செங்கல்லுக்குள்ள உக்காரணும், அதனால ஸ்க்ரூ நீளத்தை பூச்சையும் சேர்த்துக் கணக்கு பண்ணி வாங்குங்க. ஹாலோ பிளாக் (உள்ள காலியா இருக்கற கல்) சுவர்ல சாதா பிளக் உள்ள சும்மா சுத்தும், அதுக்குன்னு வர்ற ஆங்கர் கேட்டு வாங்கணும். ஜிப்சம் போர்டு சுவர்னா போர்டுல அடிக்கவே கூடாது, உள்ள இருக்கற ஃப்ரேம் கம்பியைத் தேடிக் கண்டுபிடிச்சு அதுலதான் அடிக்கணும், அது பொதுவா 40 இல்ல 60 செ.மீ.க்கு ஒண்ணு இருக்கும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலயும் கீழயும் துளை போடவே வேண்டாம், ஒயர் அந்த வழியாதான் போயிருக்கும்.

மரம் விஷயத்துல நான் கொஞ்சம் கறார். பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசை போட்டு அழுத்தின பலகை) பெட்டியோட பக்கப் பலகைக்கு ஓகே, ஆனா திறக்கற கதவுக்கு வேண்டாம், ஓரத்துல ஸ்க்ரூ ஒரு தடவை லூஸ் ஆச்சுன்னா திரும்பப் பிடிக்காது. கதவும், கீல் உக்கார்ற அடிப்பலகையும் 18 மிமீ ப்ளைவுட்ல இருக்கட்டும், ஓரம் நாலு பக்கமும் எட்ஜ் பேண்ட், அதாவது ஓரத்தை மூடற பட்டை ஒட்டியிருக்கணும். ரெடிமேடா வாங்கறவங்க கடைல கதவைத் திறந்து நுனில ரெண்டு கையும் ஊனி பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க, ஆட்டம் இருந்தா வீட்டுக்கு வந்தப்புறம் அது கூடத்தான் செய்யும்.

ஒயருக்கு பெட்டியோட பின்பலகைல 6 செ.மீ. துளை ஒண்ணு போதும், பிளக் முனை அதுக்குள்ள நுழையும். சார்ஜர் ஒயர் கீல் வழியா போகக் கூடாது, மூடும்போது நசுங்கும். லேப்டாப்பை ஆஃப் பண்ணி சூடு ஆறினப்புறம் மூடுங்க, சார்ஜ் ஏறிட்டிருக்கும்போது மூடி வைக்காதீங்க. உள்ள மேல் தட்டுக்கு அடில ஒரு எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டினா லாம்ப்பே வேண்டாம், அந்த இடமும் மிச்சம்.

கட்டிலோட வர்ற மாடல்ல ஒண்ணு மட்டும் கேளுங்க, கட்டில் இறங்கும்போது மேசை மட்டமாவே கீழ போகுதா, இல்ல சாயுதா. மட்டமா போற வகைல மேசை மேல சாமானை வெச்சபடியே கட்டிலை இறக்கலாம், எவ்ளோ உயரம் வரைக்கும் வைக்கலாம்னு மட்டும் கேட்டுக்கணும்.

தரைல நிக்கற உயரமான அலமாரியா இருந்தா மேல்பக்கத்தை கண்டிப்பா சுவரோட சேர்த்துப் பிடிச்சுடுங்க. மேசையை வெளிய திறந்தாலே எடை முன்னாடி வந்துடும், அதுல ஒரு குழந்தை தொத்தினா அலமாரியே சாஞ்சுடும். குழந்தை இருக்கற வீட்ல கதவுக்கு காந்தம் மட்டும் பத்தாது, மேல ஒரு சின்ன தாழ்ப்பாள் போடுங்க.

மாட்டும்போது முதல்ல பெட்டியை ரசமட்டம் வெச்சு நேர் பண்ணி சுவர்ல இறுக்கிட்டு, அப்புறம்தான் கதவு, கடைசியாதான் அந்த மடங்கற கை. கையைப் பூட்டறதுக்கு முன்னாடி கதவுக்கு அடில ரெண்டு ஸ்டூலோ புத்தகக் கட்டோ முட்டு குடுத்து மேல ரசமட்டத்தை வைங்க, நுனி ஒரு இழை மேல தூக்கி இருக்கற மாதிரி பூட்டுங்க, பாரம் ஏறினா அது மட்டத்துக்கு வந்துடும். மாட்டி முடிச்சதும் நுனில 20 கிலோ அரிசிப் பையோ புத்தகமோ ஏத்தி ஒரு ராத்திரி விடுங்க, காலைல ரசமட்டம் அசைஞ்சிருந்தா எந்த ஸ்க்ரூ நகர்ந்துச்சுன்னு சுவர்ப்பக்கத்துலேந்து தேடுங்க. ஒரு மாசம் கழிச்சு எல்லா ஸ்க்ரூவையும் இன்னொரு தடவை கைல முடுக்குங்க, டிரில்லு வேண்டாம், அது வேகத்துல மரத்தை அரைச்சுடும்.